இருட்டறைக்குச் சொந்தக்காரர்

கடை வாசலில் நின்று, இடது புருவத்துக்கு மேல் கட்டைவிரலை வைத்து அமுக்கியபடி, அத்தான் வானத்தை முறைத்துக்கொண்டிருந்தார். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பக்கத்துப் பெயிண்ட் கடைக்காரர் விளம்பரத் துணியைத் துவைத்து வெயிலில் காயப் போட்டிருந்தார். "சாயங்காலம் கொட்டப் போகுது, துணிய எடுத்துடுங்க" என்றார் அத்தான். அவர் எடுக்கவில்லை. மழையும் வரவில்லை. மறுநாள் நான் அதைக் கேட்டபோது அத்தான் கொஞ்சமும் அசரவில்லை. "மழை வந்துச்சு மாப்ள. இங்க வரலை, அவ்வளவுதான். வேற எங்கயாவது கொட்டித் தீர்த்திருக்கும்."

அத்தான் என் அக்காவின் கணவர். மேகம் கறுத்தாலும், காற்றில் ஈரம் ஏறினாலும், திடீரென்று புழுக்கம் வைத்தாலும் அவருக்கு ஒற்றைத் தலைவலி வந்துவிடும். இப்படிப்பட்டவர் பிழைப்புக்குப் பிடித்த தொழில் விளக்கு வியாபாரம். சரவிளக்கு, சுவர் விளக்கு, மேஜை விளக்கு என்று கடை முழுக்கப் பகலெல்லாம் எரிந்துகொண்டிருக்கும். தன் சரக்குக்கே முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் வியாபாரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுத் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். யாராவது விலை கேட்டால் திரும்பாமலேயே கையைப் பின்னால் நீட்டி, "அந்த வரிசையில மூணாவது, அதத்தானே சொல்றீங்க?" என்பார். பளிச்சென்று எரிகிற பல்பு வேண்டும் என்று கேட்டு வந்த ஒரு அம்மாவிடம், "ஹாலுக்கு எதுக்கும்மா இவ்வளவு வெளிச்சம்? வீட்டுக்குள்ள ஆபரேஷனா பண்ணப் போறீங்க?" என்று கேட்டு, மங்கலானதைக் கட்டிக் கொடுத்து அனுப்பினார்.

வானிலை அறிக்கை சொல்கிறவர்கள்மேல் அவருக்குத் தொழில்முறைப் பொறாமை உண்டு. "அவன் மெஷினப் பாத்துச் சொல்றான். நான் மண்டையிலேர்ந்து சொல்றேன். எது கிட்ட இருக்கு, சொல்லு?" மற்றவர்களின் தலைவலியை அவர் மதிப்பதே இல்லை. பெயிண்ட் கடைக்காரர் ஒரு நாள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வந்து நிற்க, அத்தான் விசாரணையை ஆரம்பித்தார்.

"வெளிச்சம் கூசுதா?"

"இல்லீங்களே."

"வாந்தி வர்ற மாதிரி இருக்கா?"

"அதெல்லாம் இல்லை."

"அப்ப போய் வேலையப் பாருங்க. உங்களுக்கு வந்திருக்கிறது தூக்கம்."

வலி பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன். வாளியைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வலியை வைத்து அவர் கட்டியிருக்கும் ராஜ்யம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் சகிக்க முடிவதில்லை.

வீட்டில் இருப்பது ஒரே படுக்கையறை. அதன் ஜன்னலுக்கு இரட்டைத் திரை. அத்தானுக்கு மண்டை இடிக்க ஆரம்பித்தால் அறை அவருக்கு, மற்றவர்களுக்கு ஹால். அன்று வீட்டில் மிக்ஸி ஓடாது. சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் ஆகாது என்று பேட்டரியைக் கழற்றி வைத்திருக்கிறார்கள். எப்போது போனாலும் அங்கே மணி நாலேகால்தான். அக்கா வெங்காயத்தை மொட்டை மாடிக்கு எடுத்துப் போய் நறுக்குவாள். பாத்திரத்தைக் கீழே துணி விரித்து அதன்மேல் வைத்துத் தேய்ப்பாள். காலில் கொலுசு போட்டு அவளை நான் பார்த்ததே இல்லை. பழக்கதோஷத்தில் நாங்கள் போனில்கூட அந்த வீட்டுக்காரர்களிடம் கிசுகிசுவென்றுதான் பேசுவோம். மறுநாள் அத்தான் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்து, போர் முடிந்து திரும்பிய தோரணையில், "தாங்கிட்டேன்" என்பார். அக்கா காபியை நீட்டுவாள்.

இந்த ராஜ்யத்துக்குள் அவர் மகள் தலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

பெண் ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலைக்குப் படிக்கிறாள். போன தடவை செய்முறைத் தேர்வன்று மழை பிடித்துக்கொண்டது. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவள், அந்த வெளிச்சம் தாங்காமல் பாதியில் எழுந்து வெளியே ஓடி வாந்தி எடுத்தாள். தேர்வு போயிற்று. படித்து முடித்தால் எடுத்துக்கொள்வதாக ஒரு பரிசோதனைக் கூடத்தில் சொல்லியிருந்தார்கள். இந்தத் தடவையும் எழுந்து வந்தால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும். ஊரார் தலையையெல்லாம் விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிற மனிதர், சொந்த மகளை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "கண்ணுல பவர் இருக்கும்" என்று கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். அது சரிப்படவில்லை என்றதும் இன்னொரு கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். "நைட்டெல்லாம் போனப் பாத்தா வலிக்காம என்ன செய்யும்?" என்று அதட்டினார்.

நான் சும்மா இருக்கவில்லை. "ஏன் அத்தான், பட்டத்தைப் பங்கு போட மனசில்லையா?" என்று கடையில் வைத்தே கேட்டேன். சண்டைக்கு வருவார் என்று பார்த்தால் வரவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அவளுக்கும் இதுதான்னு எனக்குத் தெரியாதா மாப்ள? நான் வாயால சொல்லிட்டா உறுதி ஆயிடுமேடா" என்றார். அவர் பயப்படுகிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கடைசியில் நான்தான் வண்டியை எடுத்து மூன்று பேரையும் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். பெண்ணைப் பரிசோதித்து முடித்துவிட்டு, "குடும்பத்துல யாருக்காவது ஒத்தைத் தலைவலி இருக்கா?" என்று அவர் கேட்டார். அத்தான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பயம் போன இடம் தெரியவில்லை. "எனக்குத்தான் டாக்டர். இருபத்தஞ்சு வருஷமா. ஈரக்காத்துக்கு இடது பக்கம், புழுக்கத்துக்கு வலது பக்கம்..." என்று பிரசங்கத்தை ஆரம்பித்துவிட்டார். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு அக்கா பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு?"

அக்கா மடியிலிருந்த கைப்பையைச் சரிசெய்துகொண்டாள். "எனக்கும் உண்டு."

"எப்போதிலிருந்து?"

"வயசுக்கு வந்ததுலேர்ந்து. மேகம் மூடுச்சுன்னா வந்துடும்."

அத்தான் வாயைத் திறந்தவர் மூடவில்லை. பிறகு, வழக்கம் விடுமா, விசாரணையில் இறங்கினார். "வெளிச்சம் கூசுமா?"

"கூசும்."

"வாந்தி?"

"வரும். கொல்லைப்பக்கம் போய் எடுத்துட்டு வருவேன். உங்களுக்குச் சத்தம் ஆகாதே."

அவர் வைத்த பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கிய முதல் ஆள் என் அக்காதான். கூடப் பிறந்த எனக்கே இது தெரியாது. சுருக்கென்று குத்தியது.

"ஏன் இத்தனை நாளா சொல்லலை?" என்றார் அத்தான்.

"சொல்லி? ஒரே மேகத்துக்குத்தான் ரெண்டு பேருக்கும் வருது. ரெண்டு பேரும் படுத்துட்டா அடுப்ப யாரு பத்த வைக்கிறது?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பெண்ணுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, "வலி தொடங்கும்போதே போட்டுடணும். சத்தமில்லாம, இருட்டுல படுத்துட்டா காலையில எழுந்துடலாம். தாங்கிக்கலாம்னு இருந்தா மூணு நாள் இழுக்கும்" என்றார். அக்காவுக்கும் அதையே எழுதினார். திரும்பி வரும் வழியெல்லாம் அத்தானுக்குப் பெரிய அவமானம் நடந்துவிட்ட முகம். அவருடைய ஒரே சொத்தில் பாதிக்குமேல் மனைவி பேரில் இருந்தது தெரிந்தால் எந்த மனிதருக்குத்தான் முகம் விழாது?

தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானமே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. காலையில் பெண்ணை எத்தனை மணிக்கு அழைத்துப் போவது என்று கேட்க, பொழுது சாயும் நேரத்தில் அங்கே போனேன். அத்தானுக்கும் அன்றைக்கு வந்திருக்காமல் இருக்காது. அவர் அறையில் படுத்திருப்பார், அக்கா அடுப்படியில் இருப்பாள், பெண் ஹால் ஓரத்தில் சுருண்டு கிடப்பாள், இந்தத் தடவை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று வழியெல்லாம் வசனம் தயாரித்துக்கொண்டேதான் போனேன்.

வாசல் கதவு திறந்தே கிடந்தது. ஹாலில் ட்யூப் லைட் முழுசாக எரிந்துகொண்டிருந்தது. அடுப்படியில் யாருமில்லை. படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது; அதற்குத் தாழ்ப்பாள் சரியில்லை, காற்றடித்தால் திறந்து படாரென்று அடித்துக்கொள்ளும். அந்தக் கதவில் முதுகை அண்டக் கொடுத்து, காலைத் தரையில் ஊன்றி, அத்தான் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. வெளிச்சம் நேராக அவர் கண்ணில் விழுந்தது. எழுந்து போய் அணைக்கலாம் என்றால் கதவு அடித்துக்கொள்ளும்.

"அக்கா எங்கே?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டேன். கட்டைவிரலால் பின்பக்கம் காட்டினார். அக்காவும் பெண்ணும் மாத்திரை போட்டுக்கொண்டு உள்ளே படுத்துவிட்டார்கள். வெளியே காற்று ஒரு சுழற்று சுழற்றியது. கதவு அவர் முதுகைத் தள்ளிப் பார்த்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திப் பிடித்தார்.

தயாரித்து வந்த வசனம் எல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. விளக்கையாவது அணைப்போம் என்று சுவர்ப்பக்கம் போனேன். பழைய காலத்து சுவிட்ச், தட்டினால் டப்பென்று வீடு முழுக்கக் கேட்கும். விரலை அதன்மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அத்தான் இரண்டு கைகளாலும் நெற்றிப்பொட்டைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று அந்தத் தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினார்.