மஞ்சள் கயிறு கட்டிய விருந்தாளி

இந்தப் பூனை விவகாரம் தொடங்குவதற்கு முன் என் நிலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுவது முறை. நான் பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவன். வட்டார வளர்ச்சி அலுவலராக இருந்து, ஒரு மெமோகூட வாங்காமல் ஓய்வு பெற்றவன். இண்டூரை ஒட்டி எங்கள் நகர் உருவானபோது முதலில் வீடு கட்டிக் குடிவந்தவர்களில் ஒருவன். குடியிருப்போர் நலச் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அதன் தலைவன். சாக்கடை யார் வீட்டு ஓரமாகப் போக வேண்டும் என்பதிலிருந்து கல்யாணப் பத்திரிகையில் எந்தச் சித்தப்பா பெயர் முதலில் வர வேண்டும் என்பது வரை எல்லா வழக்கும் என் வாசலுக்குத்தான் வரும். நான் தெருவில் நடந்தால் கைலியை மடித்துக் கட்டியிருப்பவர்கள் இறக்கிவிடுவார்கள். நான் கேட்டுக்கொண்டதில்லை. அவர்களாகச் செய்வது.

என் பழக்கம் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். நான் யாரையும் ஒருமையில் அழைப்பதில்லை. ஜீப் ஓட்டுநர், காவலாளி, சொந்தப் பேரன் என எல்லோருக்கும் ‘வாங்க, போங்க’தான். என் மனைவி உறவினர்களிடம், “இவரு கொசு கடிச்சாக்கூட ‘எந்திரிச்சுப் போங்க’ன்னுதான் சொல்லுவாரு” என்று சொல்லிச் சிரிப்பதுண்டு. மிகைதான், ஆனால் முழுப்பொய் என்று மறுக்கவும் முடியாது.

மகளுக்கு இரண்டாவது பிரசவம் என்று மனைவி ஓசூருக்குப் போயிருந்த சமயம் அது. ஒரு பிற்பகலில் நான் பின்கட்டில் நாளிதழை விரித்துப் படித்துக்கொண்டிருந்தேன். சுவரிலிருந்து குதித்து ஒரு பூனை வந்தது. வெள்ளை உடம்பில் அங்கங்கே செம்பட்டைத் திட்டு. என்னை ஒரு முறை பார்த்தது. பிறகு நேராக நடந்து வந்து தலையங்கத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது.

எனக்குப் பூனைகளோடு முன்பின் பழக்கமில்லை. ஆனால் ஆளைக் கண்டு மிரளாத பூனை, எண்ணெய் தடவியது போல் மின்னும் மயிர், காலில் முகத்தைத் தேய்க்கும் உரிமை இவற்றையெல்லாம் பார்த்தால் இது எங்கோ ஒரு வீட்டில் செல்லமாக வளர்வது என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது. பிறர் வீட்டுப் பூனையை விரட்ட எனக்கென்ன அதிகாரம்? மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. வராத நாளில் நாளிதழ் சீக்கிரம் முடிந்துவிட்டது.

அதை எப்படி அழைப்பது என்ற கேள்வி எழவே இல்லை. வேற்று வீட்டிலிருந்து வந்திருப்பவர் விருந்தாளி. விருந்தாளியை எப்படி அழைப்போமோ அப்படித்தான் அழைத்தேன். “வாங்க. நேத்து ஏன் வரலீங்க?” என்பேன். மனைவி உட்காரும் பிரம்பு நாற்காலியில் ஏறப் பார்த்தால், “அதுல மட்டும் உக்காராதீங்க. அது அவங்க சேருங்க” என்பேன். வாசலில் அழைப்பு மணி அடித்தால், “ஆளு வராங்க. நீங்க பின்னால போயிடுங்க” என்பேன்.

ஏன் பின்னால் போகச் சொன்னேன் என்பதற்குக் காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன்புதான் எங்கள் தெருவில் நாய்த்தொல்லை மிகுந்து, ‘தெருவில் திரியும் பிராணிகளுக்கு யாரும் உணவு வைக்கக் கூடாது’ என்று சங்கத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியிருந்தது. முன்மொழிந்தவன் நான். பழைய சோற்றை வாசலில் கொட்டிக்கொண்டிருந்த எதிர்வீட்டு அம்மாளிடம் நானே நேரில் போய்ச் சொல்லி நிறுத்தினேன். அவர் சங்கச் செயலாளரின் மனைவி. அன்றிலிருந்து அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்திவிட்டார். இந்த நிலையில் தலைவர் வீட்டுக்கு ஒரு பூனை வந்துபோகிறது என்று தெரிந்தால் நன்றாகவா இருக்கும்?

ஆகவே விதிப்படி என்ன செய்யலாம் என்று கேட்க மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். சினை பிடிக்காத பசு, இருமும் வெள்ளாடு இவற்றுக்கு நடுவே ஓர் இளம் பெண் மருத்துவர் இருந்தார்.

“எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வீட்டுக்கு அடையாளம் தெரியாத ஒரு பூனை அடிக்கடி வருதுங்க” என்றேன்.

அவர் என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். “அந்தத் தெரிஞ்சவர் சட்டையிலயும் இப்படித்தான் பூனை முடி ஒட்டியிருக்குதுங்களா சார்?”

நான் சட்டையைத் தட்டிக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: “பாலு வெக்கச் சொல்லாதீங்க, வயித்தால போகும். தண்ணி வைங்க, போதும். மொதல்ல அது யாரு வூட்டுதுன்னு தெரியணும். மெத்துனு ஒரு பருத்திக் கயிறு, இழுத்தா அறுந்துடற மாதிரி, ரெண்டு வெரல் உள்ள போற அளவுக்குத் தளர்வா கழுத்துல கட்டி வுடுங்க. வூட்டுக்காரங்க இருந்தா அவுத்துடுவாங்க. கயிறோடவே திரும்பித் திரும்பி வந்தா, ஆளில்லைன்னு அர்த்தம். அப்புறம் புடிச்சிட்டு வாங்க, வெறிநோய் ஊசி போட்டுடலாம்.”

யோசனை எனக்குப் பிடித்திருந்தது. சான்று கேட்கும் முறை அது. திரும்பும் வழியில் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய மளிகைக் கடையில் இறங்கினேன். தையல் நூல் கழுத்தை அறுக்கும். சணல் குத்தும். கடையில் மெத்தென்று இருந்த பருத்திக் கயிறு ஒன்றே ஒன்றுதான்.

“மஞ்சக் கயிறு ஒன்னு குடுங்க” என்றேன்.

“அம்மா வந்துட்டாங்களா சார்?” என்று கடைக்கார அம்மாள் கேட்டார்.

“இல்லைங்க. ஓசூர்லதான் இருக்காங்க.”

“அப்ப சாமிக்குங்களா?”

“சாமிக்கு இல்லைங்க. வேற ஒருத்தருக்கு.”

உண்மையைத்தான் சொன்னேன். பூனைக்கு என்று சொல்லியிருந்தால் பொழுது சாய்வதற்குள் தெரு முழுவதும் தெரிந்துவிடும். கயிற்றைக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்த அந்த அம்மாளின் கை சற்று நின்றது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

அன்றே கட்டினேன். விருந்தாளி எந்த மறுப்பும் சொல்லவில்லை. மறுநாள் கழுத்து வெறுமையாக வந்து நின்றது. அப்படியானால் வீட்டுக்காரர் இருக்கிறார் என்று ஒருபுறம் நிம்மதி. இன்னொரு புறம், சொல்வதற்கென்ன, ஏதோ ஒரு சங்கடம். ஆனால் கயிறு தானாகவே அறுந்து விழுந்திருக்கலாம் அல்லவா? ஒரே சோதனையை வைத்து முடிவெடுப்பது அறிவுடைமையாகாது. மறுபடி கடைக்குப் போனேன்.

“இன்னொரு மஞ்சக் கயிறு குடுங்க.”

“போன வாட்டி வாங்குனது என்னாச்சுங்க சார்?”

“யாரோ அவுத்துட்டாங்கன்னு நினைக்கிறேன். திரும்ப நானே கட்டணும்.”

“அய்யய்யோ, சார்!” என்றார் அந்த அம்மாள். அவ்வளவுதான். காசைக்கூட எண்ணிப் பார்க்காமல் கல்லாவில் போட்டார்.

இரண்டாவது கயிறு கழுத்திலேயே நின்றது. ஆனால் தெருவில் என்னவோ மாறிவிட்டது. நான் நடந்து போனால் பேச்சு நின்றது. மடித்துக் கட்டிய கைலிகள் மடித்தபடியே இருந்தன. குழாயடியில் ஒரு பெண் இன்னொரு பெண்ணை முழங்கையால் இடித்ததை நான் கண்ணால் கண்டேன். பிறகு ஒரு மாலை செயலாளர் வந்தார். பேச்சை நெடுநேரம் மழையைப் பற்றியே ஓட்டினார்.

கடைசியில், “ஞாயித்துக்கெழமை நம்ம சங்கக் கூட்டம் சார். தலைவரைத் தேர்ந்தெடுக்கணும். இந்த வருசம் நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துக்கலாமேன்னு எல்லாரும்...” என்று இழுத்தார்.

“எனக்கு என்ன களைப்புங்க?”

“களைப்பு இல்லீங்க சார். குடும்பஸ்தங்க இருக்கற எடம். அதான்...” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பொதுவாழ்வில் ஒருவனுக்கு இருப்பதெல்லாம் பெயர் ஒன்றுதான். அதில் யார், எங்கே, எதற்காகக் கை வைக்கிறார்கள் என்று தெரியாமல் இரண்டு வேளைச் சோறு எனக்கு இறங்கவில்லை.

விடை ஞாயிற்றுக்கிழமை காலை ஓசூர்ப் பேருந்தில் வந்து இறங்கியது. மனைவி. வருவதாகச் சொல்லவில்லை. பையைக் கூடத்தில் போட்டார். படுக்கையறையை எட்டிப் பார்த்தார். சமையலறைக்குப் போனார். குளியலறைக் கதவையும் திறந்து பார்த்தார்.

“யாரைத் தேடறீங்க?” என்றேன்.

“அவளத்தான்.”

“எவங்கள?”

“தெனம் மத்தியானத்துல வராளாமே. நேத்து ஏன் வரலைன்னு கேக்கறீங்களாமே. ஆளு வந்தா பின்வாசல்ல அனுப்பறீங்களாமே. உங்க கொரலு தெரு வரைக்கும் கேக்குதாம், எதிர்வூட்டம்மா போன்ல எல்லாம் சொல்லிட்டா. மஞ்சக் கயிறு ரெண்டு வாட்டி வாங்கியாச்சாம். மொதக் கயித்த எவனோ அவுத்துட்டானாம், திரும்ப நீங்களே கட்டறீங்களாம்!” மூச்சு வாங்கினார். “என் சேர்ல உக்கார வேணாம்னு சொன்னீங்களாம். இத்தனையில அது ஒன்னுதான் எனக்கு நல்ல சேதி.”

அந்த நேரத்தில் பின்கட்டுச் சுவரிலிருந்து மெத்தென்ற சத்தம் கேட்டது. வழக்கமான நேரத்துக்கு முன்னதாகவே விருந்தாளி வந்திருந்தது. கழுத்தில் மஞ்சள் கயிறு பளிச்சென்று தெரிந்தது. பழக்கதோஷத்தில், “வாங்க” என்றேன்.

மனைவி பூனையைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தம் பிரம்பு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். பூனை அவர் மடியில் ஏறிக்கொண்டது.

“இத மொதல்லயே சொல்றதுக்கு என்னங்க?”

“சங்கத்துல தீர்மானம் இருக்குதுங்களே.”

“ஊரே உங்களப் பொம்பள விசயத்துல பேசிட்டிருக்குது. நீங்க தீர்மானத்தப் பாத்துட்டிருக்கீங்க! சாயந்திரம் கூட்டத்துல நீங்களே சொல்றீங்களா, இல்ல நான் வந்து சொல்லட்டுமா?”

நானே சொல்வதாகச் சொன்னேன். அவரும் வந்தார்.

கூட்டம் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நடந்தது. வழக்கத்தை விடக் கூட்டம் அதிகம். மளிகைக் கடை அம்மாள் கடையைப் பூட்டிவிட்டே வந்திருந்தார். நான் எழுந்து நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னேன்: “என் வீட்டுக்கு வந்துபோவது ஒரு பூனை. யாருடையது என்று அறிவதற்காகக் கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி அதன் கழுத்தில் கயிறு கட்டினேன். நான் தண்ணீர் வைத்தது அதற்குத்தான், பேசியதும் அதனோடுதான். இதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.”

கூட்டத்தில் யாரோ பக்கென்று சிரித்தார்கள். பிறகு மளிகைக் கடை அம்மாள், “அடக் கடவுளே! பூனைக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஏன் சார் அந்தம்மாகிட்ட போயிச் சொல்லப்போறேன்!” என்றார்.

‘அந்தம்மா’, அதாவது செயலாளரின் மனைவி, எழுந்தேவிட்டார். “செம்பட்ட போட்ட வெள்ளப் பூனையா? கழுத்துல மஞ்சக் கயிறோட? அத நான்தானுங்க அவுத்தெறிஞ்சேன்! எவளோ செய்வினை வெச்சு அனுப்பிட்டான்னு பயந்து கற்பூரம் சுத்திப் போட்டேன். ரெண்டாவது கயித்தப் பாத்ததும் கைய வெக்கவே பயமாயிடுச்சு!”

“அது எப்படி உன்கிட்ட வந்துச்சு?” என்று செயலாளர் கேட்டார்.

“காலையில மீன் தல வெக்கறேன்ல, அதுக்கு வரும்” என்று சொல்லிவிட்டு, தாம் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் உறைத்து, அந்த அம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்துத் திரும்பினார். “நாய்க்கு மட்டும் சோறு வெக்கக் கூடாது, பூனைக்குத் தண்ணி வெக்கலாமுங்களா சார்?”

கேள்வி நியாயமானது. முன்மொழிந்தவருக்குத் திருத்தம் கொண்டுவரும் உரிமை உண்டு. தெருவில் கொட்டக் கூடாது. அவரவர் வளாகத்துக்குள் எந்தப் பிராணிக்கும் வைக்கலாம், மீந்ததை அள்ளிவிட வேண்டும் என்று அங்கேயே திருத்தினேன். செயலாளரின் மனைவி வழிமொழிந்தார். பிறகு தலைவர் தேர்வு நடந்தது. வேறு பெயரை யாரும் சொல்லவில்லை. என் மனைவி கடைசி வரிசையில் இன்னும் முந்தானையை வாயில் வைத்தபடி இருந்தார்.

பூனையைக் காய்கறிக் கூடையில் வைத்து ஊசிக்குக் கொண்டுபோனோம். “உங்களுக்குத் தெரிஞ்சவர் சௌக்கியமுங்களா சார்?” என்று மருத்துவர் கேட்டார். சௌக்கியம் என்று சொன்னேன். காலையில் எதிர்வீட்டில் மீன் தலை, பிற்பகலில் எங்கள் வீட்டில் தலையங்கம் என்று அது இப்போது முறைப்படி வந்துபோகிறது. எதிர்வீட்டு அம்மாள் மறுபடி சிரிக்கிறார். கொஞ்சம் அதிகமாகவே சிரிக்கிறார்.

நான் பூனைக்குத் தாலி கட்டினேன் என்று பேருந்து நிறுத்தத்தில் பேசிக்கொள்கிறார்களாம். அது தவறான தகவல். அது கடுவன் பூனை. நான் போட்டதும் ஒரே முடிச்சு.