விழுங்கல் படிவத்தின் ஐந்தாவது கேள்வி

பக்கவாதம் வந்து, சோறும் தண்ணீரும் தொண்டையில் இறங்காமல் தவிப்பவர்களிடம் கேட்க வேண்டிய பத்துக் கேள்விகள். ஆங்கிலத்தில் இருந்த அந்தப் படிவத்தைப் பாரசீக மொழிக்குக் கொண்டுவரும் பொறுப்பு டாக்டர் ஃபரங்கீஸுடையது. நான்கு தடவை திருத்தியாயிற்று. 'விழுங்க' என்பதற்கு மருத்துவச் சொல்லைப் போட்டால் நோயாளிக்கு விளங்கவில்லை. வீட்டில் பேசும் சொல்லைப் போட்டால் ஆய்வை நடத்தும் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. ஈரானில், கெர்மான் நகர ஆஸ்பத்திரியின் அந்தச் சின்ன அறையில் அன்று காலையிலிருந்து ஆறு பேரைப் பார்த்துவிட்டாள். தேநீர் தொடாமலே ஆறிப்போயிருந்தது.

ஏழாவதாக வந்தவர் கொத்ரத். லாரி ஓட்டியவர். கூடவே மனைவி பதூல்.

"சைபர்லேர்ந்து நாலு வரைக்கும் நம்பர் சொல்லுங்க ஐயா. கஷ்டமே இல்லேன்னா சைபர்."

"உங்க புண்ணியத்துல எல்லாமே சைபர்தான் டாக்டரம்மா."

"சைபரா? காலையில ஒரு வாய் தேத்தண்ணிக்கு அரை மணி நேரம் இருமினது யாரு, பக்கத்து வீட்டுக்காரரா?" என்றாள் பதூல்.

"அவங்களே அலுத்துப்போய் உக்காந்திருக்காங்க. நம்ம சீக்கை வேற அவங்க தலையில கொட்டணுமா?"

ஃபரங்கீஸுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. டாக்டருக்குச் சிரமம் தரக்கூடாதென்று கஷ்டத்தை மறைக்கும் இந்த மரியாதைதான் அவள் கணக்கையெல்லாம் கெடுத்தது. ஐந்தாவது கேள்வியைப் படித்தாள்: இந்தச் சிரமத்தால் வெளியே சாப்பிடப் போவதைத் தவிர்க்கிறீர்களா?

"ஹோட்டலுக்கா?" பதூல் முந்திக்கொண்டாள். "கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம். ரெண்டே தடவை கூட்டிட்டுப் போனாரு. ரெண்டும் லாரிக்காரங்க கடை!"

ஃபரங்கீஸின் பேனா நின்றது. இதற்கு ஆறு பேருமே சைபர் சொல்லியிருந்தார்கள்.

"ஐயா, யாராவது வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டா போறீங்களா?"

இதற்கும் பதூலே முந்திக்கொண்டாள்.

"இவரு தம்பி கூப்பிட்டாத்தானே? ரெண்டு வருஷமா அவரும் அவரு பொண்டாட்டியும் எங்களை மறந்துட்டாங்க."

"கூப்பிட்டான்," என்றார் கொத்ரத். "வெள்ளிக்கிழமை தவறாம கூப்பிட்டான். நான்தான் உன்கிட்ட சொல்லலை."

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தம்பி வீட்டு நவ்ரோஸ் புத்தாண்டு விருந்தில், பதூல் அடுப்படியில் இருந்தபோது, அவருக்குப் புரையேறி வாயிலிருந்த சோறு சாப்பாட்டு விரிப்பெங்கும் சிதறியிருந்தது. "தம்பி பேத்தி தன் தட்டைப் பின்னால இழுத்துக்கிச்சு. தப்பில்ல. நானா இருந்தாலும் இழுத்திருப்பேன்."

"அடப்பாவி மனுஷா! கடைத்தெருவுல உங்க தம்பி பொண்டாட்டியைப் பார்த்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனேனே!" பதூல் அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். பிறகு அந்தக் கையை எடுக்கவே இல்லை.

"எத்தனை போடட்டும் ஐயா?"

"நாலு. அதுக்கு மேல இருந்தா அதைப் போடுங்க."

சாயங்காலம், ஐந்தாவது கேள்வியில் 'வெளியே சாப்பிட' என்பதை 'விருந்துக்கு' என்று அவள் மாற்றியதற்குப் பேராசிரியர் ஃபோனில் சலித்துக்கொண்டார். "மூலத்துல விருந்துன்னு இல்லையேம்மா."

"எழுதினவங்க ஹோட்டலுக்குப் போறாங்க டாக்டர். நாம தம்பி வீட்டுக்குப் போறோம்."

கடைசியில் சரி என்றார். ஆனால் கேள்வி மாறியதால், இதுவரை பார்த்த முப்பது பேரையும் திரும்பக் கேட்க வேண்டும். பாதிப் பேர் தூரத்துக் கிராமத்துக்காரர்கள். ஃபரங்கீஸ் ஷூவைக் கழற்றிவிட்டு, பட்டியலில் முதல் எண்ணை அழுத்தினாள்.

மறுவாரம் பதூல் மட்டும் வந்து எட்டிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை இருவரும் தம்பி வீட்டு விருந்துக்குப் போனார்களாம்; அவருக்கு விழுங்க எளிதாக இருக்கட்டுமென்று தம்பி மனைவி எல்லோருக்குமே கெட்டிக் கஞ்சிதான் வைத்தாளாம்.

"ரெண்டு தரம் இருமினாரு. பாதிக் கிண்ணம் உள்ள போச்சு. யாரும் நிமிர்ந்து பார்க்கல டாக்டரம்மா."

"நல்லது," என்றாள் ஃபரங்கீஸ். வெளியே இன்னும் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.