பாதியில் நிறுத்திய சீட்டுக்கவி

தொண்ணூற்று மூன்றில் நான் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். கொங்கு நாட்டுச் சிறு பாளையக்காரர்கள் புலவர்களை எப்படி ஆதரித்தார்கள் என்பது ஆய்வுத் தலைப்பு. அதை எனக்குக் கொடுத்தது பேராசிரியர். எனக்கு அதில் பெரிய ஆசை எதுவும் இல்லை. அப்பா சிங்காநல்லூரில் மில் தொழிலாளி. ஜமீன், அரண்மனை என்ற பேச்சு எடுத்தாலே எங்கள் வீட்டில் முகம் சுளிப்பார்கள். ஆனால் சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய பாளையக்காரர் குடும்பத்தில் ஏடுகள் இருப்பதாகவும், வெளியாள் யாரும் அவற்றை முழுக்கப் பார்த்ததில்லை என்றும் பேராசிரியர் சொன்னார். யாரும் பார்த்ததில்லை என்ற அந்த ஒரு சொல்தான் என்னைப் பஸ் ஏற வைத்தது.

ஊரில் எல்லோரும் ‘அரமனை’ என்று வழி காட்டிய இடம் ஒரு நீளமான ஓட்டு வீடு. முன்பக்கத்து இரண்டு அறைகளில் உரக்கடை. பாளையக்காரர் வழியில் வந்தவர் அங்கே யூரியா மூட்டைகளுக்கு நடுவில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும், “அதெல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. உள்ள போங்க, ஊட்டுல இருக்கறாங்க” என்றார்.

அவருடைய மனைவிக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். என் கைப்பையை வாங்கி வைத்துவிட்டு, “வெயில்ல வந்திருக்கீங்க அம்மணி. மொதல்ல மோர் குடிங்க. ஏடு எங்கயும் ஓடிப்போகாதுங்க” என்றார்.

மரப்பெட்டியைத் திறந்தபோது வசம்பு வாசனை வந்தது. கட்டுகளை அவரே பிரித்து, புல் தைலம் தொட்ட துணியால் ஒவ்வோர் ஏடாகத் துடைத்து, என் முன்னால் வைத்தார். நான் தடுமாறிய ஒரு வரியை எட்டிப் பார்த்து, “அது ‘கொடை’ இல்லீங்க, ‘கோடை’. ஏட்டுல கொம்புக்குச் சுழியே போட மாட்டாங்க, நெடிலா குறிலான்னு நாமளாத்தான் பாத்துக்கோணும்” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “ஏனுங்கக்கா, உங்களுக்கு ஏடு படிக்கத் தெரியுங்களா?”

“எட்டாவது வரைக்கும்தானுங்க படிச்சேன். மாமனாரு பாதி ஏட்டைப் பேப்பர்ல எழுதி வெச்சுட்டுப் போனாருங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்துப் பாத்துப் பழகிப்போட்டேன். மத்தியானத்துல எனக்கு வேற என்ன வேலைங்க?”

நான்கு மாதம் அந்த வீட்டுக்குப் போய் வந்தேன். சனிக்கிழமை காலையில் காந்திபுரத்தில் பஸ் ஏறினால் அன்னூர், புளியம்பட்டி தாண்டிப் பத்தரை மணிக்குப் போய்ச் சேர்வேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்புவேன். தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, உட்கார்ந்து எழுத ஒரு மேஜை. ஒரு தடவை நான் பழம் வாங்கிக்கொண்டு போனதற்கு, “இதெல்லாம் எதுக்குங்க, ஸ்டைபண்டு வாங்கற புள்ள” என்று கடிந்துகொண்டார். அந்த வீடு கடைசியாகப் போஷித்த தமிழ் படித்த ஆள் நான்தான். அன்று எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரிசிம்பருப்புச் சோற்றில் அவர் நெய் ஊற்றும்போது, எனக்கு உரியதுபோலத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தக் குடும்பத்துக்குப் பெருமை, மூதாதை ஒருவர்மேல் பாடப்பட்ட உலா. வீதியில் அவர் பவனி வர, பெண்கள் மயங்கி நிற்பதைச் சொல்லும் நூல். என் ஆய்வுக்கு அது போதும் என்றுதான் இருந்தேன். மூன்றாவது மாதம் ஒரு நாள், அக்கா தனியாகத் துணி சுற்றிய ஒரு சின்னக் கட்டைக் கொண்டுவந்தார். மொத்தம் நான்கே ஏடுகள்.

“இத நீங்க படிக்கலாமுங்க. ஆனா எழுதப்படாது, வெளிய சொல்லப்படாது. முழுசாப் பாக்கறவங்க இதையும் பாக்கோணுமுன்னு தோணுச்சு, அதனாலதான்.”

“செரிங்கக்கா. ஆருகிட்டயும் சொல்ல மாட்டனுங்க” என்றேன்.

அது ஒரு சீட்டுக்கவி. புலவர்கள் தங்களுக்கு வேண்டியதைக் கேட்டு வள்ளல்களுக்குப் பாட்டாகவே கடிதம் எழுதுவார்கள், அந்த வகை. உலாவைப் பாடிய அதே புலவர் எழுதியது. பரிசாக அவர் கேட்டது ஒரு கறவை மாடு. மனைவிக்குப் பிரசவம் ஆகித் தாய்ப்பால் சுரக்கவில்லை, குழந்தைக்குப் பால் வேண்டும். பாளையக்காரர் வாக்குக் கொடுத்தார். அனுப்பி வைத்ததோ பால் வற்றின மாடு.

முதல் மூன்று ஏடுகளும் கேலி. உங்கள் சபையில் பழகிய மாடு என்று பார்த்தவுடனே தெரிந்துகொண்டேன், பாட்டைக் கேட்டு நன்றாகத் தலையாட்டுகிறது, கேட்டதை மட்டும் தருவதில்லை என்கிறார் புலவர். இதற்குப் புல் போட இன்னொரு பிரபுவைப் பாட வேண்டியிருக்கிறது என்கிறார். மடியில் கை வைத்தால் உங்களைப் போலவே நாளை வா என்று நகர்ந்துகொள்கிறதாம். வாய்விட்டுச் சிரித்தேன். அக்காவும் என்னோடு சேர்ந்து லேசாகச் சிரித்துவிட்டு, “நாலாவதப் படிங்க” என்றார்.

நான்காவது ஏட்டில் கேலி இல்லை. குழந்தை போய்விட்டது, இனி இந்த வீட்டுக்கு மாடு வேண்டாம், திருப்பி அனுப்பியிருக்கிறேன், கயிறும் உங்களுடையதுதான், எண்ணிப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

“எங்க ஊட்டுப் பெரியவங்க பாட்டுக் கட்டச் சொன்னாங்க. பாடுன ஆளு ஊட்டுல அடுப்பெரியுதான்னு ஒருத்தரும் கேக்கலீங்க” என்றார் அக்கா. பிறகு அந்த வீட்டு வழக்கம் ஒன்றைச் சொன்னார். அங்கே பாலை விற்பதில்லை. ஊரில் கைக்குழந்தை இருக்கும் வீடு எதுவானாலும், காலையில் ஒரு சொம்புப் பால் அரண்மனையிலிருந்து போகும். “ஆரு ஆரம்பிச்சாங்கன்னு தெரியலீங்க. ஏன் குடுக்கறோமுன்னு வெளிய சொல்றதில்ல. சொன்னாப் பெருமையாப் போயிருமுல்லீங்க?”

அந்தப் பிப்ரவரியில் எங்கள் கல்லூரித் தமிழ் மன்ற விழாவில் பட்டிமன்றம் வைத்தார்கள். தமிழை வளர்த்தவர்கள் மன்னர்களா, மக்களா? என்னை மன்னர் பக்கம் போட்டிருந்தார்கள். உலாவைப் பற்றிப் பேசலாம் என்று உற்சாகமாகி அக்காவுக்கு ஓர் இன்லண்டு லெட்டர் எழுதினேன். ‘உங்கள் வீட்டைப் பற்றிப் பேசப்போகிறேன், அவசியம் வாருங்கள்.’ விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மக்கள் பக்கம் பேச வேண்டிய மாணவனுக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. பேராசிரியர் என்னை அந்தப் பக்கம் மாற்றினார். நான் அக்காவுக்கு மறுபடி எழுதவில்லை. உரக்கடையையும் மாடுகளையும் விட்டுவிட்டு அவர் எங்கே வரப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று கூட்டம் நிறைய. எனக்கு முன்னால் பேசியவர் சினிமா மெட்டில் இரண்டு வரி பாடி அரங்கையே அள்ளிக்கொண்டு போயிருந்தார். நான் உழவர் பாட்டு, தாலாட்டு என்று ஆரம்பித்தேன். மூன்று நிமிடத்தில் பின்வரிசைப் பையன்கள் பெஞ்சைத் தட்ட ஆரம்பித்தார்கள். நடுவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அப்போது அந்த மாட்டை அவிழ்த்துவிட்டேன்.

“சத்தியமங்கலத்துப் பக்கம் ஒரு பாளையக்காரர். அவர் தமிழை வளர்த்த அழகைச் சொல்லட்டுங்களா?”

பெஞ்சுச் சத்தம் நின்றது. புலவர் சொன்னதோடு என் சரக்கையும் சேர்த்துக்கொண்டேன். மாடு தலையாட்டுவதை ஆட்டிக் காட்டினேன். ‘நாளை வா’ என்று அது நகர்வதை நடந்து காட்டினேன். சிரிப்பு அடங்கவே இல்லை, நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மன்னர்கள் தமிழை இப்படித்தான் வளர்த்தார்கள், பால் இல்லாத மாட்டைக் கொடுத்து!” என்று முடித்து உட்கார்ந்தேன். நான்காவது ஏட்டுக்கு நான் போகவில்லை. ஊரில் போய்க்கொண்டிருந்த பாலைப் பற்றியும் பேசவில்லை. பேசியிருந்தால் சிரிப்பு நின்றிருக்கும்.

அந்த நேரத்துப் பதற்றத்தில் வாயில் வந்துவிட்டது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மை இல்லை. முந்தின நாளே குறிப்புத் தாளின் பின்பக்கத்தில் ‘மாடு’ என்று எழுதி, கீழே கோடும் போட்டிருந்தேன்.

பரிசு வாங்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினால், படிக்கட்டுக்குப் பக்கத்தில் அக்கா நிற்கிறார். பட்டுச்சேலை. ஒரு கையில் வாழையிலையில் கட்டிய மல்லிகைப்பூ, இன்னொரு கையில், வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் வைத்த தூக்குப்போசி.

“நல்லாப் பேசுனீங்க அம்மணி. தொண்டை கட்டியிருக்கும், சுடுதண்ணி குடிங்க” என்று பூவையும் போசியையும் என் கையில் கொடுத்தார். பிறகு மெதுவாக, “ஏனுங்க அம்மணி, அந்த நாலாவது ஏடு... நேரம் பத்தலீங்களா?” என்றார்.

கோபமே இல்லாமல் கேட்டார். தப்பிக்க எனக்கு ஒரு வழியையும் அவரே திறந்துவிட்டார். நான் அதில் நுழைந்துகொண்டேன்.

“ஆமாங்கக்கா. மணி அடிச்சுப்போட்டாங்க.”

“செரிங்க. புளியம்பட்டி பஸ்ஸு போயிருமுங்க. வாரேன்” என்று சொல்லிவிட்டு நடந்தார். கூட வந்து பஸ் ஏற்றிவிடுகிறேன் என்றுகூட நான் சொல்லவில்லை. தோழிகள் என்னைச் சுற்றி நின்று கச்சாயத்தைப் பிரித்துத் தின்றார்கள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போகவில்லை. இருந்த குறிப்புகளை வைத்தே ஆய்வேட்டை முடித்தேன். அதில் சீட்டுக்கவியைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தேன். பட்டிமன்றத்தில் நன்றாகப் பேசுகிற பெண் என்ற பேரும் வேலைக்கு உதவியது. பெருந்துறைப் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் விரிவுரையாளராகச் சேர்ந்தேன்.

அங்கே சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு கோயில் திருவிழாவுக்குத் தொழில்முறைப் பேச்சாளர்களைக் கூட்டிவந்து பட்டிமன்றம் நடத்தினார்கள். நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். ஒருவர் எழுந்து என் மாட்டுக் கதையைச் சொன்னார். எங்கள் கல்லூரி விழாவில் மைக் செட்காரர் பதிவு செய்த கேசட் எங்கெல்லாமோ சுற்றியிருக்கிறது. நான் சத்தியமங்கலத்துப் பக்கம் என்று சொல்லி நிறுத்தியிருந்தேன். அவர் ஊர்ப் பேரையே சொன்னார். மாடு தலையாட்டுகிற இடத்தில் என் கையசைவு அப்படியே அவரிடம் இருந்தது. சனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை சத்தியமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன். உரக்கடையில் அவர் என்னைப் பார்த்ததும், “ஏடு பாக்க வந்தீங்களா?” என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

“இல்லீங்க. அக்காவப் பாக்கோணுமுங்க.”

“போங்க” என்று தராசைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

உள்ளே அக்கா பால் கேனைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, “வாங்க அம்மணி, எளைச்சுப் போயிட்டீங்க” என்றார். எதற்குக் கேன் என்று கேட்டேன். இப்போது பால் சொசைட்டிக்குப் போகிறதாம்.

“டீக்கடையில உங்க கேசட்டு ஓடுச்சுங்க. அப்புறம் ஒரு நாளு, புள்ள பொறந்த ஊட்டுக்குச் சொம்பு எடுத்துட்டுப் போனேன். ‘அரமனை மாடு இப்பப் பாலு தருதுங்களா’ன்னு புள்ளையப் பெத்தவளோட மாமியா கேட்டுச் சிரிச்சுது. வெளையாட்டுக்குத்தானுங்க, மனசுல ஒண்ணுமில்ல. ஆனா அடுத்த நாளு எனக்கு அந்தப் படியேற முடியலீங்க. அப்புறம் ஊட்டுக்காரரு சொசைட்டிக்கு ஊத்தீரலாமுன்னுட்டாரு.”

எனக்கு அழுகை வந்தது. “அக்கா, அன்னிக்கு மணி அடிக்கலீங்க. நான் பொய் சொன்னேன்.”

“தெரியுமுங்க. நானும் அங்கதான இருந்தேன், அடிச்சிருந்தாக் கேட்டிருக்குமுல்லீங்க?”

அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தங்களைக் குற்றம் சொல்லும் கடிதத்தை அந்த வீட்டார் எந்தக் காலத்திலும் எரித்துவிட்டிருக்கலாம், ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் அதைத் துணி சுற்றி, பூச்சி அரிக்காமல், தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தார்கள். நான்கு மாதம் அந்த வீட்டுச் சோற்றைச் சாப்பிட்ட எனக்கு அதை முழுதாகச் சொல்ல இன்னும் இரண்டு நிமிடம்தான் வேண்டியிருந்தது. அந்த இரண்டு நிமிடத்தைக் கைதட்டலுக்குக் கொடுத்தேன்.

சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார். கிளம்பும்போது உள்ளே போய் அந்தச் சின்னக் கட்டை எடுத்துவந்து என் முன்னால் நீட்டினார்.

“இத நீங்க கொண்டு போங்க. எங்க ஊட்டுல இருந்தா இனி இது கேலிதானுங்க. நாலையும் அச்சுல போட்டாலும் செரி, வெச்சிருந்தாலும் செரி.”

கையை நீட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. “வேண்டாங்கக்கா. என்னை நம்பிக் குடுக்காதீங்க” என்றேன். பணிவாகப் பேசியதாக அப்போது நினைத்தேன். அது பயம். வாங்கிக்கொண்டால் நான்காவது ஏட்டையும் ஊரறியச் சொல்ல வேண்டிவரும், நான் செய்ததையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டிவரும். அவர் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, “உங்க இஷ்டமுங்க” என்றார்.

அப்புறம் நான் அங்கே போகவில்லை. அந்த வீட்டைப் பங்காளிகள் பிரித்துக்கொண்டார்கள் என்றும், முன்பக்கம் இடித்துக் கடைகள் கட்டிவிட்டார்கள் என்றும் என் மாணவி ஒருத்தி சொன்னாள். அவளுக்கு அந்த ஊர்தான். ஏடுகள் என்ன ஆயின என்று அவளிடம் கேட்டிருந்தால் ஒரே வாரத்தில் விசாரித்து வந்து சொல்லியிருப்பாள். மூன்று வருடம் அவள் என் வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் கேட்கவில்லை.