நல்லமுத்து உடைத்த குப்பிகள்

அருந்ததிக்கு வேலை சுத்தம், வாய்தான் அடங்காது. ஜார்ஜ்டவுனில் ஒரு நெஞ்சுநோய் கிளினிக்கில், எண்பத்து மூன்றாம் ஆண்டு, பழைய சாமான் அறையை மல்லுக்கட்டி வாங்கிக் காசநோய் லேப் ஆக்கியவள் அவள். அதுவரை அங்கே ஒரு மைக்ராஸ்கோப்தான். கிருமி இருக்கிறதா என்று அதில் தெரியும்; எந்த மருந்துக்குச் சாகும் என்று தெரியாது. அதற்குக் கிருமியை வளர்த்தாக வேண்டும். பாசாரில் முட்டை வாங்கி, உடைத்துக் கலக்கி, சின்னக் குப்பிகளில் ஊற்றி வேகவைத்து, அதன்மேல் நோயாளியின் சளியை விதைத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தாள். முதலில் வைத்ததெல்லாம் பூஞ்சை பிடித்து நாறியது.

பாகான் டாலாமிலிருந்து வந்த லெட்சுமியின் குப்பியில்தான் முதன்முதலாகக் கிருமி முளைத்தது. கொடுத்த மருந்து எதற்கும் மசியாமல் எலும்பாகிக்கொண்டிருந்தாள் லெட்சுமி. அருந்ததிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மருந்து வாங்க வந்த லெட்சுமியின் புருஷன் நல்லமுத்துவிடம் சொல்லியே விட்டாள்.

"உங்க வைஃபோடது நல்லா வளந்திருக்கு தம்பி. ரொம்ப நல்லா வளந்திருக்கு."

பாவி, அதை அவனிடமா சொல்வது? ஜுருவில் கார் பட்டறையில் வேலை செய்கிறவன் அவன். வீட்டில் மனைவி ரத்தமாக இருமுகிறாள். இவர்கள் நோய்க்கு முட்டை ஊட்டி வளர்க்கிறார்கள். இங்கே வளர வளர அங்கே அவள் சாகிறாள் என்று முடிவே கட்டிவிட்டான்.

மறுநாள் ஸ்பேனரோடு வந்து கதவை உதைத்துத் திறந்தான். குப்பிகளை மறித்து நின்ற அருந்ததியின் தோளில் விழுந்தது முதல் அடி. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அடுத்த அடியில் கண்ணாடி தெறித்து அவள் கன்னத்தைக் கிழித்தது. "செத்துத் தொலை, செத்துத் தொலை" என்று பிசாசு பிடித்தவன்போல ஒவ்வொரு குப்பியாக நொறுக்கினான். அவளுக்கும் வெறி ஏறியது. ஒற்றைக் கையால் முக்காலியைத் தூக்கி அவன் மண்டையில் போட்டாள். விழுந்தான்.

"மடையா, அவளுக்கு எந்த மருந்து கேக்கும்னு பாக்கத்தான்டா வளத்தேன்."

அவனுக்கு விளங்க நேரம் பிடித்தது. விளங்கியதும் தவழ்ந்துபோய்க் கண்ணாடித் தூளை இரண்டு கையாலும் அள்ளினான்.

"இதுல என் லெட்சுமியோடது எது அக்கா?"

அருந்ததிக்கே தெரியவில்லை. காற்றெல்லாம் கிருமி. சட்டையைப் பிடித்து அவனை வெளியே இழுத்துவந்து, ரத்தம் வழியும் அவன் கையில் புதுச் சளி டப்பாவைத் திணித்தாள்.

"காலைல முத சளியப் புடிச்சிட்டு வா லா. முதல்லேருந்து வளக்கணும்."

கொண்டுவந்தான். அவள் போலீஸுக்குப் போகவில்லை. கட்டுப்போட்ட கையோடு மறுபடி முட்டை உடைத்தாள். அந்தக் குப்பியில் கிருமி முளைத்த வாரம், லெட்சுமிக்குப் பதினாறாம் நாள் காரியம் நடந்தது.