இசைத்தட்டில் வைத்த பொட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருடமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். எங்கள் ஊர்க் கோயிலில் பிரதோஷத்துக்குத் தேவாரம் பாடுகிறவன் நான். படித்தது ஒன்பதாவது வரை. இப்படிப்பட்டவன் இங்கிலீஷ்காரர்களின் இருட்டான பாட்டு ஒன்றுக்கு உருகினான் என்றால் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று இப்போதுதான் மனம் துணிந்தது.

அப்போது எனக்கு இருபது வயது. ஆழ்துளைக் கிணறு போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் வேலை. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து பங்களாவில் போர் போட்டுக்கொண்டிருந்தோம். இருநூறு அடியில், துளைக்கிற ராடு பாறைக்குள் சிக்கிக்கொண்டது. ஊரிலிருந்து சாமான் வரும்வரை மெஷினை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தோம். அப்பா இறந்து பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது. கொள்ளி வைத்தவன் நான். பந்தல், சமையல், வந்தவர்களைக் கவனிப்பது என்று ஓடியதில் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கல் நெஞ்சுக்காரன் என்று அத்தையே சொல்லிவிட்டார்.

அன்று பங்களா ஜன்னல் வழியாக ஒரு பாட்டு வந்தது. முதலில் டிரம் மட்டும், ரிக் சுத்தியல் பாறையில் இறங்குகிற மாதிரி, நிற்காமல். அப்புறம் அடித்தொண்டையில் ஓர் ஆள் குரல். ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் யாரோ தன் துக்கத்தை மறைக்காமல், அழகுபடுத்தாமல், அப்படியே கொண்டுவந்து நடுவீட்டில் வைத்ததுபோல இருந்தது. ஜன்னலுக்குக் கீழே நின்று தேம்பித் தேம்பி அழுதுவிட்டேன்.

அந்த வீட்டுப் பெண் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். எட்டிப் பார்த்தார். ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை. இசைத்தட்டின் மேலிருந்த முள்ளைத் தூக்கி மறுபடியும் முதலிலிருந்து வைத்துவிட்டு, ஜன்னலின் இன்னொரு கதவையும் திறந்துவிட்டார். சாயங்காலம் தட்டின் அட்டையைக் காட்டினார். முழுக் கறுப்பு, நடுவில் இலையே இல்லாத ஒரு மரம். என் சட்டைப் பையில் அர்த்தநாரீஸ்வரர் படம் ஒன்று எப்போதும் இருக்கும். அதன் பின்பக்கத்தில், அட்டையில் இருந்த இங்கிலீஷ் எழுத்துகளைப் படம் வரைவதுபோலப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டேன்.

முப்பது வருடம் அது என் பையிலேயே இருந்தது. மகள் வேலைக்குப் போன பிறகு ஒரு நாள் எடுத்துக் காட்டினேன். "அப்பா, இது பங்க் ராக், கோபமாக் கத்திப் பாடறது. அதுலயும் துக்கமான வகை. தேவாரம் பாடற ஆளுக்கு இது எப்படிங்கப்பா?" என்று சிரித்தாள். போனில் போட்டும் காட்டினாள். சந்தோஷம்தான். ஆனாலும் எனக்கு அந்தத் தட்டே வேண்டும் என்று இருந்தது.

சேலம் அம்மாபேட்டையில் பழைய ரெக்கார்டு பிளேயர்களைப் பழுது பார்க்கிற ஒருவர் இருக்கிறார். தறிக்காரக் குடும்பம். இரண்டு வருடம் ஊர் ஊராகக் கேட்டு எனக்காக அதைத் தேடிப் பிடித்தார். ஒரு பிளேயரையும் சரிசெய்து கொடுத்து, "ஓரத்த மட்டும் புடிங்கண்ணா, மேல கை படக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார்.

தட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு வெள்ளிக்கிழமை. "செத்த மரத்துப் படத்தப் போய் ஊட்டுக்குள்ள கொண்டாரீங்களே" என்று மனைவி முணுமுணுத்தாள். குளித்து விளக்கேற்றிய பிறகு கேட்கலாம் என்று வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் தட்டு உறையை விட்டு வெளியே, சாமி படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் இருக்கிறது. மேலே மூன்று இடத்தில் சந்தனமும் குங்குமமும்.

எங்கள் வீட்டில் மிக்ஸி வந்தாலும் வண்டி வந்தாலும் பொட்டு வைக்காமல் எடுக்க மாட்டோம். அந்த நேரத்தில் அது என் புத்தியில் ஏறவில்லை. கல்யாணமான நாளிலிருந்து சொல்லாத வார்த்தையெல்லாம் சொன்னேன். ஈரத்துணியை எடுத்து அழுத்தித் துடைத்தேன். போட்டுக் கேட்டால் எண்ணெய்ச் சட்டி பொரிகிற மாதிரி ஒரே இரைச்சல். பாட்டையே காணோம்.

"இத்தன வருசமாத் தேடினது, பொட்டில்லாம ஊட்டுக்குள்ள வர வேண்டாம்னுதானுங்க வெச்சேன்" என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

காலையில் தட்டை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பியபோது பின்னால் வந்து ஏறிக்கொண்டாள். "நான் வெச்ச பொட்டு. நானும் வாரேனுங்க."

அம்மாபேட்டைக்காரர் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பொட்டு வைத்தது யார் என்று கேட்பார் என்று நினைத்தேன். "தொடச்சது யாருண்ணா?" என்று கேட்டார்.

நான்தான் என்றேன்.

"பொட்ட அப்படியே உட்டிருந்தா, காஞ்சு ஏடு ஏடா உரிஞ்சு வந்திருக்கும். நீங்க தேச்சுத்தான் முள்ளு ஓடற கோட்டுக்குள்ள எறக்கிட்டீங்க."

"கேட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு என் மனைவி தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நடுவில் இருந்த காகிதம் நனையாமல் மூடிக்கொண்டு, பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரைத் தொட்டு, மெல்லிய பிரஷ்ஷால் கோட்டோடு கோடாக அவர் கழுவினார். இரண்டு மணி நேரம் தலை நிமிரவில்லை. அந்தப் பொறுமைக்கு எதிரே என் கோபம் எனக்கே அசிங்கமாகத் தெரிந்தது. உலர்த்திப் போட்டார். டிரம் வந்தது. குரல் வந்தது. ஏற்காட்டில் கேட்ட அதே பாட்டு. நடுவில் ஓர் இடத்தில் மட்டும், தட்டு சுற்றச் சுற்ற, நாலைந்து தடவை டொக் டொக் என்று தட்டியது.

"இன்னொரு வாட்டி கழுவினா அதும் போயிரும்ண்ணா" என்றார்.

நான் மனைவியைப் பார்த்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்ததும், "பயமாத்தானுங்க இருக்குது. ஆனா வேசம் போட்டு அழுவலீங்க. நெசமா அழுவறாங்க" என்றாள். முப்பது வருடமாக எனக்குச் சொல்லத் தெரியாததை ஒரே தடவை கேட்டுச் சொல்லிவிட்டாள்.

கழுவ வேண்டாம், அது இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகு இருவரும் உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்கிறோம். பாடியவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களோ, எனக்குத் தெரியாது. ஒரு ரிக் வண்டிப் பையனை அவன் அப்பாவுக்காக அழ வைத்தார்கள். அவர்களையும் நினைத்துத்தான் கை கூப்புகிறேன். டொக் என்று கேட்கும்போதெல்லாம் அவள் என்னைப் பார்க்க மாட்டாள். எனக்குத்தான் தலை தானாகக் குனிகிறது.

படிக்கிறவர்கள் இதை யாருக்காவது சொல்வதானால், ஒன்றையும் மாற்றாமல் சொல்லுங்கள். மனைவி பொட்டு வைத்துத் தட்டைக் கெடுத்தாள் என்று கதை திரும்பிவிடக் கூடாது. அவள் வைத்தது பொட்டு. அழுத்தித் துடைத்தது நான்.