கால் எரிச்சலும் ஒரு சாட்சியும்

என் வீட்டுக்காரருக்குக் கண்ணாடி வெட்டுகிற வேலை. ஜன்னலோ அலமாரியோ, அளவு பார்த்து ஒரே ஒரு கோடு கீறுவார். மேஜை விளிம்பில் வைத்து ஒரு அழுத்து, இரண்டாகிவிடும். வேலையில் அப்படி ஒரு நிதானம். தன் உடம்பு விஷயத்தில் மட்டும் சுத்த அவசரக்குடுக்கை. இதை அவர் எதிரிலேயே சொல்வேன், அவரும் சிரிப்பார்.

சர்க்கரை வியாதி வந்து சில வருஷத்தில் கால் எரிச்சல் ஆரம்பித்தது. பாதத்தில் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி இருக்கிறதாம். வேலை முடிந்து வந்ததும் வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போர்வை பட்டால்கூடத் துடிப்பார். மாத்திரை போட்டார், ஜெபமும் பண்ணினார். எங்கள் சபையில் அவருக்காக முழங்காலில் நிற்காத ஆளே இல்லை. நானும்தான் நின்றேன். அந்த ஜெபத்தை நான் குறை சொல்லமாட்டேன், அத்தனை நாள் எங்களைத் தாங்கினது அதுதான்.

பிறகு எரிச்சல் மெல்ல மெல்லக் குறைந்து சுத்தமாக நின்றுவிட்டது. "இல்லவே இல்ல! போயே போச்சு!" என்று சின்னப் பிள்ளை மாதிரி வீட்டுக்குள் குதித்தார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. நன்மை பெற்றவர்கள் மைக்கைப் பிடித்து எல்லார் முன்னாலும் சொல்லவேண்டும். டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். "காட்டிட்டுச் சொன்னா அதுக்குப் பேரு விசுவாசமா?" என்று போய் நின்றுவிட்டார். எரிச்சல் போனது என்றுதான் ஆரம்பித்தார். கைதட்டல் ஏற ஏற, முடிக்கும்போது சர்க்கரையே போய்விட்டிருந்தது. இனி மாத்திரையைத் தொடமாட்டேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டு இறங்கினார்.

பாஸ்டர் நல்ல மனுஷர். "மாத்திரையும் ஆண்டவர் கொடுத்ததுதான் பிரதர்" என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதையும் மைக்கிலேயே சொல்லியிருக்கலாம்.

வீட்டில் தினம் சண்டை. டீ டம்ளருக்குப் பக்கத்தில் மாத்திரையை வைப்பேன். டம்ளர் காலியாகும், மாத்திரை அப்படியே கிடக்கும்.

"எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். இப்ப திருட்டுத்தனமா முழுங்கச் சொல்றியா?"

"ஆண்டவர் ஒண்ணும் தப்பா நினைக்கமாட்டார். முழுங்குங்க."

"கீறின கோட்டு மேல மறுபடி கீறக்கூடாதும்மா. பாழாயிடும்."

"அது கண்ணாடிக்கு. உங்க உடம்புக்கு இல்ல."

நான் சொல்லி என்றைக்குக் கேட்டார்? கடையில் ஒரு கண்ணாடிச் சில்லு செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறியிருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை, அதோடேயே நடந்துகொண்டிருந்திருக்கிறார். வீட்டில் நாற்றம் வந்ததும், எலி செத்துக் கிடக்கிறது என்று நான் கட்டிலுக்கடியில் தேடினேன். அவர் காலுறையைக் கழற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது.

"எரிச்சல் நின்னது குணம் இல்லம்மா," என்றார் டாக்டர். "நரம்பு செத்துப்போச்சு. அதான் ஒண்ணும் தெரியல." முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கால் போனதற்கு அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. விட்டத்தையே பார்த்துக் கிடந்தவர் ஒரு சாயங்காலம், "தையல்காரம்மா என்ன ஆனாங்களோ" என்றார். எனக்குத் திக்கென்றது. எங்கள் சபையில் துணி தைத்துப் பிழைக்கிற அம்மா, ஒண்டிக்கட்டை. அவருக்கும் சர்க்கரை, அதே கால் எரிச்சல். சாட்சியைக் கேட்ட கையோடு மாத்திரைகளைக் குப்பையில் கொட்டிவிட்டு, இவர் கையைப் பிடித்து நன்றி சொன்னவர்.

பாஸ்டர் பார்க்க வந்தபோது இவர் கெஞ்சினார். "ஒரு ஞாயித்துக்கிழமை எனக்கு மைக்கைக் குடுங்க ஐயா. நான் சொன்னது தப்புன்னு சொல்லணும்."

பாஸ்டர் இவர் தோளில் கையை வைத்தார். "புதுசா வந்தவங்க இருக்காங்க பிரதர். அவங்க விசுவாசத்துக்கு இடறலாயிடும். ஜெபிப்போம்" என்றார். சாட்சி சொல்ல எங்களிடம் நேரம் உண்டு, சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள நேரம் கிடையாது. எனக்கு வந்த கோபத்தில், ஜெபம் முடிகிறவரை கண்ணை மூடாமல் பாஸ்டரையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

ஊன்றுகோல் பழகினதும் நாங்களே தையல்காரம்மா வீட்டுக்குப் போனோம். மாடி வீடு. இவர் படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். தைத்த சட்டைகள் குவிந்திருந்த நாற்காலியைக் காலி பண்ணி அந்த அம்மா இவருக்குப் போட்டார்.

"சிஸ்டர், நான் சொன்னது சாட்சியே இல்ல. என் அறியாமை. இந்தக் காலைப் பாருங்க. தயவுசெஞ்சு மாத்திரை போடுங்க."

மடித்துக் குத்தியிருந்த கால்சட்டையை அந்த அம்மா பரிதாபமாகப் பார்த்தார். "நடுவுல சந்தேகப்பட்டிருப்பீங்க பிரதர். மனுஷங்கதானே நாம. உங்களுக்காகத் தினம் ஜெபிக்கிறேன்."

இவர் விடவில்லை, கையெடுத்துக் கும்பிட்டார். நான் அதட்டியே பார்த்தேன். அந்த அம்மாவுக்குக் கோபமே வரவில்லை. தையல் மிஷின் மிதியிலிருந்து இரண்டு பாதங்களையும் எடுத்து எங்கள் பக்கம் நீட்டினார்.

"உங்க சாட்சி வீண் போகல பிரதர். இந்த வாரம் உங்களைப் பாக்க வந்து சொல்லணும்னே இருந்தேன். எனக்கும் இப்ப எரியறதே இல்ல."

என் வீட்டுக்காரர் முகத்தைப் பொத்திக்கொண்டு வாய்விட்டு அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து, அந்த அம்மா கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்லத் தொடங்கினார்.