மூடியும் நீ, ஜாடியும் நீ

பதினோராம் வகுப்பு தேறியபோது எனக்கு வந்த கர்வத்துக்கு அளவே கிடையாது. எங்கள் சொந்தபந்தத்தில் அதுவரை ஒரு பெண்ணும் அந்த வகுப்பைத் தாண்டியதில்லை. ரிசல்ட் வந்த மறுநாளே யாராவது வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வந்தது பால்காரர்தான்.

அது எழுபதுகளின் தொடக்கம். ஜவுளிக்கடையில் கேட்டேன், அச்சகத்தில் கேட்டேன், மருந்துக்கடையில் கேட்டேன். சொல்லிவைத்த மாதிரி எல்லாரும் ஒரே கேள்வி: இதுக்கு முன்னாடி எங்க வேலை பார்த்த? முதல் வேலைக்கு முன்னாடி எங்கய்யா வேலை பார்க்கிறது என்று வாய்வரை வரும், விழுங்கிக்கொள்வேன். மருந்துக்கடையில் மட்டும் விழுங்கவில்லை. அதனால் கொஞ்ச நாளைக்கு அந்தத் தெருப்பக்கம் தலைகாட்ட முடியாமல் போயிற்று. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற கதைதான்.

அம்மா ஜங்ஷனுக்கு எதிரே சந்தில் இட்லிக்கடை வைத்திருந்தாள். அப்பா ரயில்வேயில் தண்டவாள வேலை. வாரத்தில் பாதி நாள் லைனிலேயே கிடப்பார், மீதி நாள் வாயே திறக்கமாட்டார். பேச்சு முழுக்க அம்மாவுடையது. எனக்கு வேலை கிடைக்காததில் அவளுக்கு உள்ளூர சந்தோஷம். கடைக்கு ஒரு ஆள் மிச்சம் அல்லவா?

"ஒன்னிய யாரு வேலைக்கு வெக்கப் போறாங்க? இட்லி ஊத்துற கை இட்லிதான் ஊத்தும்," என்பாள்.

கடை வேலை எனக்குக் கஷ்டமில்லை. மாவு கரைத்து, தட்டில் ஊற்றி, வேகவைத்து எடுப்பதில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என்னை எரிச்சல்படுத்தியது வேறு. ரயில் பிடிக்க வருகிறவர்கள், லக்கேஜ் தூக்குகிறவர்கள், கடைத்தெருக்காரர்கள், எல்லாருக்கும் நான் இட்லிக்கடைப் பொண்ணு. பள்ளிக்கூடத்தில்கூட அப்படித்தான். என் கையால் நானே சம்பாதித்த ஒரு பெயர் எனக்கு வேண்டும் என்று அடம் இருந்தது. அந்த வயதில் அதை இப்படி எடுத்துச் சொல்லத் தெரியாது. பாத்திரத்தை டமால் டமால் என்று வைப்பேன், அவ்வளவுதான்.

ஊருக்கு வெளியே பீங்கான் கம்பெனிகள் வரிசையாக இருந்தன. பொம்மை, ஃபியூஸ் கட்டை, ஜாடி என்று ஆளுக்கொரு சாமான் செய்வார்கள். அதில் ஜாடி செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றுக்கு ஒருநாள் காலையில் போய் நின்றேன். முதலாளி எங்கள் கடையில் பார்சல் வாங்குகிறவர். என்னைப் பார்த்ததுமே சிரித்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"மண்ணு கரைச்சது இல்லீங்க. ஆனா மாவு கரைச்சிருக்கன். பத்து வருசமா," என்றேன்.

அவருக்கு அது பிடித்துவிட்டது. அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு அடுத்த சூளை பிரிக்கிறவரைக்கும் வேலை உண்டு, கம்பெனிப் பதிவேட்டில் பேர் கிடையாது. அவரவர் செய்த சாமானுக்கு அடியில் ஆணியால் ஒரு அடையாளம் போட்டுவிட வேண்டும். சூளை வெந்து, ஆறி, வாசல் செங்கல்லைப் பிரித்து எடுக்கும்போது அந்த அடையாளம் போட்ட சாமான் நன்றாக இருந்தால் ஆளை வைத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் வணக்கம். பச்சை மண்ணாக இருக்கும்போது எல்லா ஜாடியும் அழகுதான், வெந்தபிறகுதான் யோக்கியதை தெரியும் என்பார் முதலாளி. எனக்கு அடையாளமாக ஒரு வட்டம் போட்டுக்கொண்டேன். இட்லி மாதிரி இருக்குது என்று பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள்.

அம்மாவிடம் சொன்னேன். சூளை பிரிக்கிறவரைக்கும் பார்க்கலாம், வேலை ஆகவில்லை என்றால் மறுபேச்சில்லாமல் கடைக்கு வந்துவிட வேண்டும் என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

ஜாடி செய்வது பார்க்க சுலபமாகத்தான் இருக்கும். பெரிய டிரம்மில் களிமண் கரைசல் இருக்கும். அதை ஸ்லிப்பு என்பார்கள். அதை முகந்து சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக இருக்கிற பிளாஸ்டர் அச்சில் ஊற்ற வேண்டும். அச்சு தண்ணீரை உறிஞ்சும்; உள்சுவரில் மண் ஏடு கட்டும். போதுமான கனம் வந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு, இறுகியபிறகு அச்சைப் பிரித்தால் உள்ளே ஜாடி. மூடிக்குத் தனி அச்சு. முதலில் என்னைக் கூட்டவும் அச்சு துடைக்கவும் விட்டார்கள். பிறகு மேஸ்திரி என்னை மூடி ஊற்றச் சொன்னார். அவர் அதிகம் பேசாதவர். பேசினால் காது சுடும்.

அன்றைக்குக் காலையில் எல்லாரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். நான் டிரம்மைத் திறந்து பார்த்தேன். ஸ்லிப்பு கெட்டியாக, கரண்டியை நட்டால் நிற்கும் பதத்தில் இருந்தது. எங்கள் கடையில் மாவு இப்படி இருந்தால் அம்மா என்னை வைதே தீர்ப்பாள். இந்த மாதிரி மாவில் ஊற்றினால் இட்லி கல்லாகத்தானே வரும்? யோசிக்கவே இல்லை. குடத்தைத் தூக்கி ஒரு குடம் தண்ணீரை அப்படியே ஊற்றி, கட்டையால் கலக்கினேன். அடடா, என்ன பதம். கோடு போட்டமாதிரி ஒழுகியது. இத்தனை பேர் இத்தனை நாளாகக் கண்டுபிடிக்காததை நான் வந்த கையோடு கண்டுபிடித்துவிட்டேன் என்று மூடி மூடியாக ஊற்றித் தள்ளினேன்.

மத்தியானம் ஆகியும் ஒரு மூடியும் அச்சை விட்டு வரவில்லை. அச்செல்லாம் நனைந்து சொதசொதவென்று கிடந்தது. மேஸ்திரி வந்து டிரம்மில் விரலை விட்டு எடுத்துப் பார்த்தார். யார் இதில் தண்ணீர் ஊற்றியது என்று கேட்டார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு, நான்தான் என்றேன்.

பிறகு நடந்ததை எழுதாமல் விடுகிறேன். விஷயம் இதுதான்: ஸ்லிப்பில் தண்ணீர் குறைவாக இருக்க வேண்டும் என்றுதான் அதில் ஒரு மருந்து கலக்கிறார்கள். அசையாமல் இருந்தால் அது கெட்டியாகத் தெரியும். கலக்கினால் தானாக இளகிவிடும். கலக்க வேண்டியதை நான் கரைத்துவிட்டேன். தண்ணீர் கூடினால் மண் காயும்போது அதிகமாகச் சுருங்கும். என் மூடிகள் எல்லாம் ஒரு நூல் அளவு சின்னதாகப் போகும். ஒரு நூல் குறைந்த மூடியை ஜாடிமேல் வைத்தால் அது ஜாடிக்குள்ளேயே விழும். மங்கலம்பேட்டைக் கடைக்கார பாய் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய சரக்கு அது. டிரம் முழுக்க மண் வீண், அதைத் திரும்பக் காயவைத்து அரைக்க வேண்டும், இந்தப் பெண்ணை இப்போதே வீட்டுக்கு அனுப்புங்கள் என்று முதலாளியிடம் மேஸ்திரி சொன்னார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

முதலாளி என்னைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களும் பார்த்தார்கள். சந்தில் புகை மூட்டத்தில் அம்மா எனக்காகத் தட்டைக் கழுவி வைத்துக்கொண்டு காத்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. அழுகை வரவேண்டிய நேரம். எனக்கு ஏனோ கோபம்தான் வந்தது. கோபம் வந்தால் எனக்கு மூளை கொஞ்சம் நன்றாக வேலை செய்யும்.

"ஏங்க, மூடி சின்னதாப் போவும்னா ஜாடியயும் இதே டிரம்முல ஊத்துனா அதுவும் சின்னதாத்தான போவும்?" என்றேன். "ஒரே மாவுல ஊத்துன இட்லி ஒண்ணு பெருசும் ஒண்ணு சின்னதுமாவா இருக்குது?"

தண்ணீர் கூடினால் விரிசல் விடும், பாதிக்குமேல் தேறாது என்றார் மேஸ்திரி. முதலாளி கன்னத்தைத் தடவிக்கொண்டே டிரம்மைச் சுற்றி வந்தார். அவ்வளவு மண்ணை வீணாக்க அவருக்கு மனசில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"சரி ஊத்து. மூடியும் நீ, ஜாடியும் நீ," என்றார். "பொருந்துனா வேல. பொருந்தலன்னா ஒங்கம்மா கடைல வந்து நானே ஒன் கையால இட்லி வாங்கிக்கறன்."

ஊற்றினேன். மற்றவர்களுடைய ஜாடி வெளியே வந்து காய்ந்துகொண்டிருக்கும்போது என் ஜாடி அச்சுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். நனைந்த அச்சை வெயிலில் வைத்துக் காயவிட்டு, திரும்ப ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் கழுத்து கையோடு வந்துவிடும். சூட்டோடு இட்லியைத் தட்டிலிருந்து பிய்க்கக்கூடாது என்பது எனக்குத் தெரியாததா? காத்திருந்தேன். இட்லிக்காரி என்று பேர் வைத்துவிட்டார்கள். மேஸ்திரி சொன்னது பலித்தது. காயும்போதே பல ஜாடிகள் விரிசல் விட்டுப் போயின. தேறியதை ஓரம் சீவி, பஞ்சால் துடைத்து, அடியில் வட்டம் போட்டு வைத்தேன். பளபளப்புக்காக கிளேஸ் என்கிற பூச்சுக் கரைசலில் முக்கி எடுத்து சூளைக்குள் அடுக்கி, வாசலைச் செங்கல் வைத்துப் பூசினார்கள். கற்பூரம் காட்டித் தீ வைத்தார்கள். அன்றைக்கு நான் கும்பிட்டமாதிரி எங்கள் ஊர் பழமலைநாதர் கோயிலில்கூடக் கும்பிட்டதில்லை.

சூளை எரிந்து ஆறுகிறவரை எனக்குக் கம்பெனியில் வேலையில்லை. கடையில் நின்றேன். கை இட்லி ஊற்றும், மனசு சூளைக்குள்ளே கிடக்கும். அம்மா என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் சாம்பார் வாளியைத் துலக்கிக்கொண்டே, மூடி உட்காருமா என்று கேட்டாள். தெரியலம்மா என்றேன். அன்றைக்கு எனக்கு வைத்த தட்டில் நெய் விட்டிருந்தாள்.

சூளை பிரிக்கிற அன்று மங்கலம்பேட்டை பாயும் வந்திருந்தார். செங்கல்லை எடுக்க எடுக்க உள்ளிருந்து சூடு முகத்தில் அடித்தது. முன்வரிசைச் சரக்கெல்லாம் எடுத்தபிறகு பின்னால் என் வட்டங்கள் வந்தன. மற்ற ஜாடிகளுக்குப் பக்கத்தில் வைத்தால் சின்னது என்று கண்ணுக்கே தெரிந்தது. மேஸ்திரி ஒரு ஜாடியை எடுத்தார், என் மூடி ஒன்றை எடுத்தார், வைத்தார். மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஆடியது. ஜாடியின் வாய் கோணியிருந்தது. அவர் அதைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

மூடி உட்கார்ந்தது. கணீர் என்று ஒரு சத்தம். மூடியை ஒரு சுற்று முழுக்கச் சுற்றினார், எங்கும் தட்டவில்லை. மூன்றாவதும் உட்கார்ந்தது. நான்காவதும். ஒன்றின் மூடியை இன்னொன்றுக்கு மாற்றி வைத்துப் பார்த்தார், அதுவும் உட்கார்ந்தது. எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. தாவணி முனையை வாயில் திணித்துக்கொண்டு நின்றேன்.

பாய் ஒரு ஜாடியைத் தூக்கிப் பார்த்து, இது என்ன சின்னதாக இருக்கிறது என்று முதலாளியிடம் கேட்டார். முதலாளி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. புது சைசு பாய், சின்னக் குடும்பத்துக்கு, என்றார். பாய் என் முகத்தைப் பார்த்தார், மேஸ்திரி முகத்தைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். ஒரு நூலுக்கெல்லாம் ஒரு சைசா என்று கேட்டுக்கொண்டே, அவற்றையும் வைக்கோல் சுற்றி வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டார்.

எனக்கு வேலை உண்டா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. முதலாளி பாயோடு போய்விட்டார். நான் சூளைச் சாம்பலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார், போகிறபோக்கில் சொன்னார்:

"நாளைலேர்ந்து அந்தத் தண்ணிக் கொடத்துக்கிட்ட மட்டும் போவாத."

நாளையிலிருந்து என்றால் நாளைக்கு நான் உண்டு. பதினோராம் வகுப்பு ரிசல்ட்டில் என் நம்பரைப் பார்த்தபோதுகூட இந்தச் சந்தோஷம் இல்லை. அது புத்தகத்தைப் படித்து வாங்கியது. இது நானே கெடுத்து, நானே வாதாடி, நானே காத்திருந்து வாங்கியது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு முதுகு நிமிர்கிறது; அதை ஏன் மறைக்க வேண்டும்?

வாய் கோணிய அந்த முதல் ஜாடியை யாரும் விலைக்கு வாங்கமாட்டார்கள். கேட்டு வாங்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் கொடுத்தேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடியில் இருந்த வட்டத்தைக் கட்டைவிரலால் தடவினாள். வேலை கிடைத்ததா என்று கேட்கவில்லை. அதைக் கழுவித் துடைத்து, இட்லிப்பொடி கொட்டி, ஆடுகிற மூடியையும் மேலே வைத்து, வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி முன்மேசையில் வைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் நான் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வழக்கமாகச் சாப்பிட வருகிற டிக்கெட் பரிசோதகர் ஒருவர் பொடி போட்டுக்கொள்ள மூடியைத் தூக்கினார். ஜாடி நன்றாக இருக்குதே, எங்கே வாங்கினீர்கள் என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா இட்லித் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வாங்குல சார்," என்றாள். "எம்பொண்ணு ஊத்துனது."